முத்தும் மூச்சும்

கொற்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியனின் பழந்துறை, பார் புகழ்ந்த முத்து, பொன்னோடு வந்த யவனர் கலங்கள் என்று சொல்லச் சொல்லச் சுவைக்கும் பகுதி அது. நானும் பெருமிதத்திலே மிதந்து, மாணவர்களையும் மிதக்க வைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலே ஒரு சிறுவன் எழுந்தான். ஈளை நோய்க்காரன். மழைக்காலம் வந்துவிட்டால் அவன் மார்பிலே விசில் ஊதும். கழுத்திலே கறுப்புக் கயிறு, கயிற்றிலே தாயத்து.

"சார், முத்து எடுக்கிறவங்க எம்புட்டு நேரம் மூச்சடக்குவாங்க?"

விழித்தேன். முத்தின் நிறம் சொல்லியிருந்தேன், விலை சொல்லியிருந்தேன், அது எந்தெந்த நாட்டு அரசியின் கழுத்தை அலங்கரித்தது என்பதையும் சொல்லியிருந்தேன். அதை எடுக்க ஒருவன் எத்தனை நேரம் மூச்சை அடக்கினான் என்பதைப் பாடநூலும் சொல்லவில்லை, பாடஞ் சொன்ன நானும் சொல்லவில்லை. மூச்சுக்கு ஏங்குபவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி அது! அந்தக் கேள்வியோடு நூலகப் படியேறியவன், முத்தைத் தேடிப் போய் மூச்சின் வரலாற்றைக் கண்டேன், தோழர்களே! நம் கடற்கரையின் வரலாறு அது. நம் நெஞ்சக்கூட்டின் வரலாறும் அதுதான்.

முதல் ஏடு கி.பி. முதல் நூற்றாண்டினது. பெயர் தெரியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், பாண்டியனுக்குரிய கொற்கையிலே முத்துக்குளித்தல் நடந்தது என்று கூறுகிறது. கூறுவதோடு நிற்கவில்லை. குளித்தவர்கள் யார் என்றும் சொல்கிறது: தண்டனை பெற்ற குற்றவாளிகள்! தூக்குமரம் ஒரு பக்கம், தூய வெண்முத்து மறுபக்கம். கொற்கை முத்தென்று நாம் கொண்டாடும் அந்த ஒளிமணி, கைதியின் மூச்சுக்கு ஈடாகக் கரையேறியது என்பதைப் பாடநூலிலே ஒரு வரி சேர்த்தால் பாண்டியனின் புகழ் குறைந்துவிடாது. மாணவனின் அறிவு வளரும்.

பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்தான் வெனிசு நகர மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே மாபார்க் கரையையும் மன்னார்க் கடலையும் பற்றி எழுதிய அவன், முத்துக்குளிப்பைத் தெளிவாகவே வருணிக்கிறான். கிடைத்ததிலே பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. அது வரி. இருபதில் ஒரு பங்கு இன்னொரு கூட்டத்துக்கு. அவர்கள் குளிக்கவில்லை, தோணி தள்ளவில்லை, கயிறு பிடிக்கவில்லை. கரையிலே நின்று மந்திரம் ஓதினார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரமாம்! ஓதியவர்கள் பார்ப்பனர் என்றே போலோ குறிக்கிறான். அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள். பகலிலே கட்டிய சுறாவின் வாயை இரவிலே அவிழ்த்துவிடுவார்களாம். ஏன்? இரவிலே எவனாவது திருட்டுத்தனமாக முத்தெடுக்க இறங்கினால் சுறா கடிக்க வேண்டுமே! பகலெல்லாம் காவல், இரவெல்லாம் ஏவல். மந்திரத்தின் பெயரால் சுறாவையே சம்பளமில்லாச் சேவகனாக்கிய சாமர்த்தியத்தை என்னென்பது!

இது ஒரு மதத்தாரின் கதை மட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். 1530களில் இக்கரைப் பரதவர் கிறித்தவராயினர். 1542இல் சேவியர் வந்தார். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். அரசு மாறியது, ஆலயம் மாறியது. சுறாக்கட்டி மட்டும் மாறவில்லை! இலங்கையிலே குடியேற்ற ஆட்சியின் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் தமது 1859ஆம் ஆண்டு நூலிலே ஒரு செய்தி தருகிறார்: தம் காலத்துச் சுறாக்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர், மந்திரத்தின் மதிப்பு அதனால் சிறிதும் குறையவில்லை. மதம் எதுவானால் என்ன, மந்திரம் இருந்தால் போதும் என்று அரசாங்கமும் அவரைப் பேணியது. நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்திலே கல்லோடு குதித்துக் கலக்கும்போது சுறா தானாக விலகிப்போகும் என்பதைப் பார்த்தறிந்தவர்கள் பலர். ஆயினும் சுறாக்கட்டி கரைக்கு வந்தால்தான் குளிப்பாளர் கடலிலே இறங்குவர். அவர்கள் இறங்கினால்தான் கருவூலம் நிறையும். மூடநம்பிக்கையை ஊட்டி வளர்த்தது அறியாமை மட்டுமன்று, ஆதாயமும்தான்.

ஆதாயத்தின் கணக்கோ அணுவும் பிசகாதது. அன்றன்று எடுத்த சிப்பிகளை எண்ணினர். ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டனர். முத்தைத் தரம் பிரிக்க 10 பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தனர். முதல் சல்லடையில் 20 துளை. கடைசிச் சல்லடையில் 1000 துளை. பிறகு மஞ்சாடி மஞ்சாடியாக நிறை, ஆணிமுத்து முதல் தூள்முத்து வரை வகை, வகைக்கேற்ற விலை! அரசாங்கம் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு குளித்தவர்களுக்கு ஒரு பங்கை விட்டது. துளையை எண்ணினார்கள், சிப்பியை எண்ணினார்கள், முத்தை எண்ணினார்கள். மூச்சை எண்ணினார்களா?

எண்ணவில்லை, கதை கட்டினார்கள். 1803இல் வெளியான நூலிலே பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி எழுதுகிறார்: குளிப்பாளன் காலிலே கல்லைக் கோத்து, வலக்கையால் கயிற்றைப் பற்றி, இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குகிறான், நாளொன்றுக்கு 40, 50 முறை மூழ்குகிறான், மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் குருதி கசிகிறது, ஆயினும் மறுபடி இறங்குகிறான். அவரே சொல்கிறார், 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவன் முழுதாக 6 நிமிடம் நீருக்குள் இருந்தான் என்று. பின்னாளிலே கையிலே கடிகாரத்தோடு நின்று பார்த்தவர்கள் கண்டதோ வேறு. வழக்கமான குளிப்பு ஏறத்தாழ 1 நிமிடம். கைதேர்ந்தவனுக்கு ஒன்றரை நிமிடம் வரை. அசையாமல் கிடந்து மூச்சடக்கும் பயிற்சியாளன் ஆறு நிமிடத்தைத் தாண்டலாம். கடலடியிலே குனிந்து, சிப்பியைப் பிடுங்கி, கூடை நிரப்பும் உழைப்பாளிக்கு அது இயலாது. தசை உழைத்தால் உயிர்வளி செலவாகும்.

அந்தக் குருதி எங்கிருந்து வந்தது? 'கடல்தாய் கேட்கும் காணிக்கை' என்று பாடிவிட்டுப் போகலாம். அறிவியல் அப்படிப் பாடுவதில்லை. நீரிலே 10 மீட்டர் இறங்கினால், மேலே நாம் தாங்கும் காற்றழுத்தத்தைப் போல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேருகிறது. மேலே 6 லிட்டர் காற்று நிரம்பிய நுரையீரல் அங்கே 3 லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் 2 லிட்டர்தான். சிப்பிகள் கிடந்த பார்களோ 5 முதல் 10 பாகம் வரை ஆழத்தில், அதாவது 9 முதல் 18 மீட்டர் வரை. நுரையீரல் நெகிழும் உறுப்பு, ஓரளவு சுருங்கித் தாங்கும். ஆனால் செவிப்பறைக்குப் பின்னே ஒரு சிற்றறை, முகத்து எலும்புகளுக்குள்ளே சில பொந்துகள். அவை எலும்பாலான அறைகள், சுருங்க மாட்டா. மூக்குவழிக் காற்று அங்கே புகுந்து அழுத்தத்தைச் சரிசெய்யாவிட்டால், உட்தோல் வீங்கிக் குருதி கசியும், செவிப்பறை கிழியும். சளி பிடித்தவன் குளித்தால் அந்த வழியே அடைபட்டிருக்கும். வானூர்தியிலே சளியோடு பயணம் செய்தவருக்குக் காது வலிப்பதும் இதே கணக்குத்தான்.

மூச்சடக்கியவனுக்கு, 'போதும், மேலே போ' என்று உள்ளேயிருந்து உத்தரவிடுவது எது? உயிர்வளி குறைந்தால் உடல் கதறும் என்றே நானும் எண்ணியிருந்தேன். இல்லையாம். குருதியிலே கரியமிலவாயு பெருகுவதுதான் மூளையைத் தட்டி எழுப்புகிறது. 1905இல் இங்கிலாந்திலே ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் துணைவரோடு சேர்ந்து இதை நிறுவினார். எனவேதான் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்குவது பேராபத்து. கரியமிலவாயு வெளியேறிவிடும், எச்சரிக்கை மணி அடிக்காது, உயிர்வளி தீர்ந்தபின் ஓசையின்றி மயக்கம் வரும். கிணற்றிலும் குளத்திலும் பந்தயம் கட்டி மூழ்கும் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். தந்தையின் சோதனைகளுக்குச் சிறுவயதிலேயே தன் உடலைத் தந்த மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், பின்னாளில் பெரும் விஞ்ஞானியாகவும் நாத்திகராகவும் விளங்கி, 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்திலே மறைந்தார் என்பது நம் தோழர்கள் குறித்துவைக்கத் தகுந்த இடைச்செய்தி.

பசிபிக் பெருங்கடலின் துவாமோட்டுத் தீவுகளிலும் முத்துச்சிப்பிக் குளிப்பாளர்கள் உண்டு. நம்மவரைவிட ஆழமாக, 30 மீட்டருக்கும் கீழே செல்பவர்கள். அவர்களிலே சிலர் பொழுது சாயும்போது தலைசுற்றி விழுவர், கைகால் முடங்குவர், சிலர் இறப்பர். 'தாரவானா' என்று அதற்குப் பெயர். அருகேயுள்ள மங்கரேவாத் தீவிலோ அந்நோய் இல்லை. 1960களில் ஆராய்ந்தவர்கள் கண்ட வேறுபாடு ஒன்றுதான்: மங்கரேவாக்காரர் ஒரு குளிப்புக்கும் மறுகுளிப்புக்கும் இடையே 12 முதல் 15 நிமிடம் ஓய்வெடுத்தனர். மந்திரமன்று, மூலிகையன்று, ஓய்வு! இன்று நம் மன்னார்க் கடலிலே சங்கு குளிப்பவர்கள் கம்ப்ரெசரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியே காற்றை இழுத்துக்கொண்டு நெடுநேரம் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்; எண்ணெய்ப் புகை கலந்த காற்று கூடுதல் வினை. முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியிலே முடிந்துபோயிற்று.

ஓய்வு என்றதும் கரையேறி ஊருக்குள் வருவோம். ஹால்டேன் குழுவினர், ஆழத்திலிருந்து படிப்படியாக மேலேற வேண்டிய அட்டவணையை வெளியிட்டது 1908இல். அதே 1908, பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில்லிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். கூலி உயர்வு கேட்டனர். வார விடுமுறை கேட்டனர். மார்ச்சு முதல் வாரத்திலே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்று. மார்ச்சு 12இல் தலைவர்கள் சிறை புகுந்ததும், செக்கிழுத்ததும் நீங்கள் அறிந்தவை. அறியாத ஒரு பக்கம் உண்டு. அதை மருத்துவ நூலிலேதான் கண்டேன்.

பஞ்சாலைத் தூசியால் வரும் மூச்சுநோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயர். அதன் அடையாளம் விந்தையானது. பல ஆண்டு பஞ்சுத் தூசியிலே உழைத்தவனுக்கு, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சை இறுக்கும். இருமல் வரும், மூச்சு முட்டும். மறுநாள் தணியும். வார இறுதிக்குள் பழைய நிலை. அடுத்த திங்களன்று மீண்டும் இறுக்கும்! ஆண்டுகள் செல்லச் செல்லச் செவ்வாயும் புதனும் சேர்ந்துகொள்ளும். இறுதியிலே எல்லா நாளும் திங்களாகிவிடும், நுரையீரல் மீளாது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலே 1950களில் ரிச்சர்டு ஷில்லிங் என்னும் மருத்துவர் இதைப் படிப்படியாக அளந்து வகுத்தார். பஞ்சோடு ஒட்டிவரும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் மூச்சுக்குழாயைச் சுருக்குவதே முதன்மைக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி மிகுதி, நோயும் மிகுதி.

இப்போது எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஞாயிறு இல்லாதவனுக்குத் திங்கள் ஏது? ஏழு நாளும் தூசியிலே மூழ்கியவனுக்கு நோய்க்கும் உழைப்புக்கும் உள்ள உறவை அறிய வழி ஏது? வார விடுமுறையை வென்ற தொழிலாளி, ஓய்வை மட்டும் வெல்லவில்லை. தன் நோயை அடையாளம் காணும் அளவுகோலையும் வென்றான். இது என் ஊகந்தான். ஆனால் விலக்க முடியாத ஊகம்.

அளவுகோல் கிடைத்தும் படிக்கத் தெரியவில்லையே! எங்கள் தெருவிலே ஒரு பெரியவர் இருக்கிறார். ஓர் ஆலையின் கார்டிங்கிலே முப்பதாண்டு உழைத்தவர். ஐந்து படி ஏறினால் அரை நாழிகை நிற்பார். "திங்கக்கிழமைன்னா நெஞ்சைப் புடிக்கும் தம்பி. ஞாயித்துக்கிழமை குடிச்ச கள்ளு வேலை செய்யுதுன்னு மேஸ்திரி ஏசுவாரு. நான் குடிக்கிற ஆளே இல்ல. ஏழரைச் சனின்னு சோசியன் சொன்னான்" என்றார். சனி பிடிப்பதாக இருந்தால் சனிக்கிழமை பிடித்திருக்கலாமே, அண்ணாச்சி என்றேன். சிரித்தார்; சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரம் ஆயிற்று. சிரிக்க வைத்ததற்காக வருந்தினேன்.

1700ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் ரமாசினி என்னும் மருத்துவர், சணலும் ஆளியும் சீவுவோர் தூசியால் ஓயாது இருமுவதைக் குறித்தார். நோயாளியைக் காணும் மருத்துவன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றும் கேட்க வேண்டும் என்றார்: 'உன் தொழில் என்ன?' அந்தக் கேள்வி நம் நாட்டிலும் ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டதுதான். சாதியை அறிவதற்காகக் கேட்டோம். நோயை அறிவதற்காகக் கேட்கவில்லை! 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலே பைசினோசிஸ் பின்னாளில் இடம்பெற்றது. மேஸ்திரியின் ஏச்சுக்கும் சட்டத்தின் ஏட்டுக்கும் இடையே எத்தனை நெஞ்சுகள் நொறுங்கினவோ!

இருமல் என்றாலே எலும்புருக்கி என்று ஒதுக்கிவைத்த காலமும் உண்டு. காசநோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று ராபர்ட் காக் 1882இல் காட்டிய பிறகும், மலைக்காற்றும் முட்டையும் பாலும் படுக்கையும் இருந்தால்தான் பிழைக்கலாம் என்பதே மருத்துவ உலகின் எண்ணம். ஏழைக்கு அதிலே ஒன்றும் இல்லை. அந்த எண்ணத்தை உடைத்தது எந்த நகரம் தெரியுமா? சென்னை! 1956இல் அங்கே தொடங்கிய ஆய்விலே 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிக்குச் சானடோரியம், மறு பாதிக்கு நெரிசல் மிகுந்த தம் சொந்தக் குடிசை. இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு. முடிவு ஏறத்தாழ ஒன்றே. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. தமிழ்நாட்டு ஏழைகளின் நுரையீரல் உலகத்தின் மருத்துவ முறையையே மாற்றிற்று. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை என்பது இன்று எந்த அரசு மருத்துவமனையிலும் செலவில்லாமல் கிடைப்பது.

ஆலைப் புகையின் கதைக்கு நான் நெடிது நிற்கப் போவதில்லை. அது நம் கண்முன் நடந்தது. 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஏறத்தாழ 4000 உயிர்களைக் குடித்தது என்பது முதற் கணக்கு; பின்வந்த கணக்குகள் இன்னும் பெரியவை. அந்தப் புகையிலே இருந்த கந்தக ஈராக்சைடு, ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலே சுருக்க வல்லது. 2013 மார்ச்சு 23 காலை, தூத்துக்குடி மக்கள் தொண்டை எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று தெருவுக்கு வந்தார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடியது; ஆலையார் குற்றச்சாட்டை மறுத்தனர்; பசுமைத் தீர்ப்பாயம் மே மாதம் திறக்க விட்டது. 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள். மே 28இல் ஆலையை மூட ஆணை. 2024 பிப்ரவரி 29இல் ஆலையாரின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் தள்ளியது. இடையிலே 2021இல், கொரோனா நோயாளிகளுக்காக அதே வளாகத்திலே உயிர்வளி தயாரிக்கச் சில மாதம் அனுமதி தரப்பட்டது! மூச்சு முட்டுகிறது என்று மக்கள் முறையிட்ட அதே ஊரிலே, அதே வாசலிலே மூச்சு உருளையில் அடைபட்டு வெளிவந்தது. வரலாறு சில வேளை கதாசிரியனையும் விஞ்சிவிடுகிறது.

என் மாணவனிடம் வருகிறேன். அவனுக்கிருப்பது ஆஸ்துமா. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிக்கொள்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சேருகிறது. காற்றை உள்ளே இழுத்துவிடலாம். வெளியே விடுவதுதான் பெரும்பாடு. இடுங்கிய வழியிலே காற்று பிதுங்கும் ஒலிதான் அந்த விசில். தூசி, புகை, குளிர், தடுமன், கொசுவர்த்திச் சுருள் ஆகியவை தூண்டிவிடும். ஒட்டுநோய் அன்று, முற்பிறவிப் பாவமும் அன்று. ஐதராபாத்திலே ஆண்டுதோறும் சூன் மாதம் மிருகசீரிட நாளிலே உயிருள்ள விரால் குஞ்சின் வாயிலே மருந்தடைத்து விழுங்கச் செய்கிறார்கள். பல்லாயிரவர் வரிசையில் நிற்கிறார்கள். அவன் பாட்டி அங்கே போக வேண்டுமென்று நேர்ந்துகொண்டிருந்தார். "மீனால் ஈளை தீருமானால், ஆச்சி, நம் கடற்கரைக் குப்பத்திலே ஒருவருக்கும் ஈளை இருக்கக் கூடாதே!" என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு வந்தார்.

இரண்டு இன்ஹேலர்கள் தந்தார்கள். ஒன்று முட்டும்போது குழாயைத் திறப்பது. மற்றொன்று நாள்தோறும் இழுத்து வீக்கத்தை அடக்குவது. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிடுவோரே பலர், அங்கேதான் ஆபத்து. "பம்பு அடிச்சா பழக்கமாயிரும்" என்பது தெருவெங்கும் உள்ள பேச்சு. மாத்திரை உடலெங்கும் சுற்றிவிட்டு நுரையீரலை அடையும். இன்ஹேலர் மருந்தோ மிகச் சிறு அளவிலே நேரே அங்கே இறங்கும். கண்ணாடி அணிவது பழக்கமானால் கண் கெட்டதாகப் பொருளா? பேச்சை ஒரு மூச்சிலே முடிக்க முடியாமை, உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றைக் கண்டால் அந்த நொடியே மருத்துவமனை என்றும் பாட்டிக்குச் சொல்லியனுப்பினார்கள். தாயத்தை அவன் கழற்றவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, கயிறு குழாயை அடைப்பதில்லை.

சென்ற கார்த்திகையிலே ஓர் இரவு அவனே என் வாசலுக்கு ஓடிவந்தான். எட்டு மாதத் தங்கைக்குக் காய்ச்சல், இருமல். பாட்டி மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நல்லவேளை, எங்கும் சூடு போடவில்லை. 2023இல் மத்தியப் பிரதேசத்து ஷாடோல் மாவட்டத்திலே நிமோனியா கண்ட பச்சிளங் குழந்தைகளைக் காய்ச்சிய இரும்பால் சுட்ட கொடுமை என் நினைவிலே நின்றது. ஆஸ்துமாவிலே இடுங்குவது குழாய். நிமோனியாவிலே குழாயின் நுனியிலுள்ள காற்றுப் பைகளே கிருமியால் நீர் கோத்துவிடுகின்றன. எக்ஸ்ரே இல்லாத மலைநாட்டிலே இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பப்புவா நியூகினியிலே 1980களில் பிராங்க் ஷான் என்னும் மருத்துவரும் துணைவரும் ஆராய்ந்தார்கள். மூச்சை எண்ணுவது போதும் என்று கண்டார்கள். இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு இது: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும், ஓராண்டுக்குட்பட்டது 50ஐத் தொட்டாலும், ஐந்து வயதுக்குட்பட்டது 40ஐத் தொட்டாலும் நிமோனியா என ஐயுற வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் சிறிதும் தாமதிக்கலாகாது.

"ஆச்சி, ஒரு நிமிடம் பொறுங்கள்" என்றேன். கடிகாரத்தை அவன் கையிலே கொடுத்தேன். அழாமல் அமைதியாகக் கிடந்த நேரம் பார்த்துச் சட்டையை விலக்கி, வயிறு எழுவதை எண்ணினேன். அவன் "நிமிசம் ஆச்சு சார்" என்றபோது 62. விலாவின் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது. பாட்டி என் முகத்தைப் பார்த்தார். ஆட்டோவை நான் அழைக்கும்போது தடுக்கவில்லை. உயிர்வளியும் ஊசியும் கொடுத்தார்கள். ஆறாம் நாள் குழந்தை வீடு திரும்பியது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலே எந்தக் குழந்தை இருமினாலும், பையனைக் கூப்பிட்டுக் கடிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார் ஆச்சி. எண் அவருக்கு மனப்பாடம்.

மீண்டும் கொற்கைப் பாடம் வந்த நாளிலே, முத்துக் குளிப்பாளன் ஒன்றரை நிமிடம் மூச்சடக்குவான் என்று விடை சொன்னேன். அவன் உட்காரவில்லை.

"சார், அந்தக் காலத்துல கடிகாரம் இருந்துச்சா?"

"இருந்தது. நாழிகை வட்டில் என்று பெயர். அரண்மனையிலே அரசனுக்குப் பொழுது சொல்ல வைத்திருந்தார்கள்" என்றேன்.